எங்கள் கைகளையும் கேளுங்கள்: யாழ்ப்பாணத்துப் பங்கு அருட்பணிச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் கத்தோலிக்கப் பங்குகளின் அன்புக்குரிய பங்குத்தந்தையருக்கும், அவர்களோடு சேர்ந்து பங்கின் வேலைகளைத் திட்டமிடுகிற அருட்பணிச் சபை உறுப்பினர்களுக்கும், அயல்வீட்டுக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியங்களைக் கொண்டு நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

நேரே விசயத்துக்கு வருகிறேன். எங்கள் கோவில்களில் ஒருவர் வந்து "நானும் ஏதாவது செய்யவேணும்" என்று நின்றால் அவரிடம் என்ன கேட்கிறோம்? பாடுவீர்களா, வாசகம் வாசிப்பீர்களா, மறைக்கல்வி படிப்பிப்பீர்களா. மூன்றுக்கும் இல்லை என்றால் திருவிழாவில் ஒரு நவநாள் செலவை ஏற்கச் சொல்கிறோம். அதுவும் ஏலாது என்றால் அவர் வாங்கில் இருந்து செபம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். குரலும் காசும் இல்லாதவருக்கு இங்கே பணி இல்லை என்று யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் நடப்பது அதுதான், நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அந்த வாங்குகளில் இருக்கிறவர்கள் யார்? மேசன், தச்சுவேலை செய்கிறவர், வயரிங் தெரிந்த பெடியன், வலை பொத்துகிற ஐயா, ஓய்வு பெற்ற தாதி, வங்கியில் கணக்குப் பார்த்தவர், இரவிரவாகத் தையல் மெசினில் இருந்து பிள்ளைகளைப் படிப்பித்த அம்மா. இவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் பிழைப்பு, கோவிலில் செய்வது மட்டும்தான் பணி என்ற எண்ணம் எப்படியோ எங்களுக்குள் ஊறிவிட்டது. விவிலியம் அப்படிச் சொல்லவே இல்லை. விடுதலைப் பயண நூல் 31ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பெட்சலேல் என்ற ஒருவனைப் பெயர் சொல்லி அழைத்துத் தம்முடைய ஆவியால் நிரப்புகிறார். எதற்காக? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய, கல் வெட்டிப் பதிக்க, மரத்தைச் செதுக்க! தூய ஆவி என்றால் செபக்கூட்டத்தில் கை தூக்குகிறவர்கள்மேல் மட்டும் இறங்குகிறவர் என்று நினைக்கிற எங்களுக்கு இந்த அதிகாரத்தை யாராவது வருசத்துக்கு ஒருமுறையாவது எடுத்து விளக்கவேண்டும்.

அப்புறம் யோப்பாவில் இருந்த தபித்தா. திருத்தூதர் பணிகள் 9ஆம் அதிகாரம். அவர் இறந்த வீட்டுக்குப் பேதுரு வருகிறார், கைம்பெண்கள் அழுதுகொண்டு அவரைச் சூழ்ந்து நின்று தபித்தா தைத்துக் கொடுத்த உடுப்புகளைக் காட்டுகிறார்கள். அவர் என்ன பேசினார், என்ன போதித்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை, துணியைத்தான் காட்டுகிறார்கள். போருக்குப் பிறகு கணவன் இல்லாமல் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்கள் இத்தனை பேர் இருக்கிற எங்கள் ஊர்களில் இந்தப் பகுதியை வாசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இதெல்லாம் குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினர் ஒருவருடைய சொந்த வியாக்கியானம் என்று தள்ளிவிடாதீர்கள். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பொதுநிலையினரின் அப்போஸ்தலிக்கப் பணி பற்றிய ஆவணத்தில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: ஒருவருக்குக் கிடைத்த கொடை எவ்வளவு சாதாரணமானதாக இருந்தாலும் அதைத் திருச்சபையிலும் உலகத்திலும் மற்றவர்களின் நன்மைக்காகப் பயன்படுத்துவது அவருடைய உரிமை, கடமையும்கூட. "எல்லாரையும் விட்டால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்" என்று சில மூத்தவர்கள் பயப்படுவது எனக்குத் தெரியும். அதற்கும் அதே ஆவணத்தில் பதில் இருக்கிறது, கொடைகளைச் சோதித்து அறிகிற பொறுப்பு மேய்ப்பர்களுக்கு உண்டு, ஆனால் ஆவியை அணைத்துவிடக் கூடாது என்று. சோதித்துப் பாருங்கள் என்றுதான் நானும் கேட்கிறேன். கேட்காமலே விட்டால் எதைச் சோதிப்பீர்கள்?

இந்த மண்ணுக்கு இது புதிதும் இல்லை. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் அமெரிக்க மிசனிலிருந்து 1847இல் வந்தவர், அவரிடம் இருந்தது வைத்தியம். அதைக் கொண்டே தன் விசுவாசத்தை வாழ்ந்தார், எங்கள் பெடியங்களுக்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், அதற்காகப் பாடநூல்களைத் தமிழாக்கினார். அவர் எங்கள் கத்தோலிக்க சபையைச் சேர்ந்தவர் இல்லை என்பதால் நாங்கள் அவரிடம் கற்கக் கூடாதா என்ன? எங்கள் ஆட்களிலேயே நல்லூர் ஞானப்பிரகாசர் சுவாமி இருக்கிறார். புகையிரதத் திணைக்களத்தில் வேலை பார்த்துவிட்டுத் துறவுக்குப் போனவர், மொழிகளைக் கற்கிற அந்த அபூர்வ ஆற்றலைக் குருத்துவத்துக்காகக் கைவிடவில்லை, தமிழ் ஆராய்ச்சிக்குத் திருப்பினார். மரிய சேவியர் அடிகளார் 1965இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கி, நடிக்கத் தெரிந்தவர்களையும் ஆடத் தெரிந்தவர்களையும் அரங்கம் கட்டத் தெரிந்தவர்களையும் ஆண்டவருடைய பாடுகளைச் சொல்ல ஒன்று சேர்த்தார்.

கூத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்லவேண்டும். குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் புனிதர்களின் வாழ்க்கையை மேடையில் ஆடியவர்கள் யார்? இறையியல் படித்தவர்களா? கடலுக்குப் போய்வந்த ஆட்கள். பகலில் வலையோடு மாரடித்துவிட்டு இரவில் கூத்துப் பழக்குகிற ஆசானான அண்ணாவியாருக்கு முன்னால் நின்று, எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கூடக் கேட்டுக்கேட்டு முழு நாடகத்தையும் மனப்பாடமாக்கிப் பாடினார்கள். நாடகம் எழுதின கொப்பியை அண்ணாவியார் உயிர்போலக் காத்தார். உடுப்புத் தைத்தவர் ஒருவர், முடி செய்தவர் ஒருவர், மத்தளம் அடித்தவர் ஒருவர், விடியவிடிய ஆடுகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவரும் அதில் ஒருவர்தான். அந்த ஊர்ப் பிள்ளைகள் புனிதர்களைப் புத்தகத்தில் சந்திக்கவில்லை, சொந்தச் சித்தப்பாவின் குரலில் சந்தித்தார்கள். ஒரு ஊரே தனக்குத் தெரிந்ததை எல்லாம் கொண்டுவந்து ஆண்டவருக்கு முன்னால் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட சமூகம் இப்போது வெளிநாட்டிலிருந்து வரும் காசில் மாபிள் பதித்து, காசு தந்தவரின் பெயரைக் கல்லில் வெட்டி, அந்தக் கல்லைப் பதித்தவரின் பெயரைக்கூடக் கேட்காமல் இருப்பது எனக்கு நோகிறது. புலம்பெயர்ந்தவர்களின் கொடையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் குளிரில் நின்று உழைத்த காசு அது. ஆனால் கொடை என்றால் அது மட்டும்தான் என்று பிள்ளைகள் நினைத்து வளர்வது சரியா?

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று. வடிவாகப் படம் கீறுகிற பிள்ளை, இயந்திரம் கண்டால் கழற்றிப் பூட்டிப் பார்க்கிற பிள்ளை, வயது போனவர்களோடு பொறுமையாக இருந்து கதைக்கத் தெரிந்த பிள்ளை, இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். "சோதனை முடியட்டும் பார்ப்போம்" என்று வீட்டில் மூடி வைத்துவிடுகிறார்கள், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் முடிந்தால் சாதாரண தரம், அது முடிந்தால் உயர்தரம். எசமான் நம்பிக் கொடுத்த தாலந்து என்ற பணத்தை மண்ணுக்குள் புதைத்த ஊழியன் பயத்தில்தான் புதைத்தான் என்று மத்தேயு 25இல் இருக்கிறது. எங்கள் பெற்றோரும் பயத்தில்தான் செய்கிறார்கள், அவர்களை நான் பழிக்க வரவில்லை. ஆனால் மறைக்கல்வி வகுப்பிலாவது யாராவது அந்தப் பிள்ளையிடம் "இது ஆண்டவர் உனக்குத் தந்தது, எங்களுக்கும் இது வேணும்" என்று சொல்லலாம் அல்லவா.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கொடை, பணி என்று பேசிக்கொண்டு நாட்கூலிக்காரரைச் சும்மா வேலை வாங்குகிற பழக்கத்துக்கு என் கடிதத்தைத் துணைக்கு இழுக்காதீர்கள். கோவில் மதில் கட்டினால் மேசனுக்குக் கூலி கொடுக்கவேண்டும், நேரத்துக்கும் கொடுக்கவேண்டும். அவர் தானாக மனமுவந்து ஒரு விதவையின் வீட்டுக் கூரையைத் திருத்திக் கொடுக்க வந்தால் அது வேறு. அதற்குச் சாமானும் துணைக்கு இரண்டு பெடியங்களும் ஒழுங்கு பண்ணிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. அந்த விதவை சைவக்காரியாக இருந்தாலும் அது கோவில் பணிதான் என்று பூசையில் வைத்துச் சொல்லுங்கள்.

நான் கேட்பது இதுதான். வருசாவருசம் வீடு மந்திரிக்க, அதாவது செபித்து ஆசீர்வதிக்க, வரும்போது குடும்ப அட்டையைப் புதுப்பிக்கிறீர்கள், ஞானஸ்நானம், உறுதிபூசுதல், கலியாணம் எல்லாம் பதிகிறீர்கள். அதோடு ஒவ்வொருவரிடமும், சமையலறையில் நிற்கிற அம்மம்மாவிடமும், வாசலில் கைத்தொலைபேசியோடு இருக்கிற பெடியனிடமும் "உங்களுக்கு என்ன செய்யத் தெரியும், எது செய்ய விருப்பம்?" என்று கேட்டு எழுதுங்கள். எழுதினதைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், படுக்கையில் கிடக்கிற நோயாளி எந்த வீட்டில், புண் துடைத்து மருந்து கட்டத் தெரிந்த தாதி எந்த வீட்டில் என்று இரண்டையும் சேர்த்து வையுங்கள். காது கேளாத ஒருவர் பங்கில் இருந்தால் சைகை மொழி தெரிந்த ஒருவரைத் தேடிப் பீடத்துக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். பங்கின் கணக்கை எழுதுகிற வேலையையும் ஒரே ஆளிடம் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடாமல் கணக்குத் தெரிந்த இளம் ஆட்களுக்குப் பழக்குங்கள்.

பதிவேடு தயாரிப்பதும் பெயர்களை ஒழுங்குபடுத்துவதும் எனக்குக் கைவந்த வேலை, அதைத்தான் இத்தனை காலமும் செய்து சம்பளம் வாங்கினேன். எந்தப் பங்கு முதலில் தொடங்கினாலும் சனிக்கிழமைகளில் வந்து இருந்து எழுதித் தர ஆயத்தம். தவக்காலத்துக்கு முன் கூடுகிற சபைக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, முடிவு எதுவானாலும் ஞாயிறு பூசை அறிவித்தலில் சொல்லுங்கள்.

இயேசுவின் அன்பில்,
யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் பங்கு மக்களில் ஒருவர்