ஊர்ப் பெயரோடு குறியீட்டையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயணக் கட்டுரைகளில் ஊரின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் வருகிறது. எந்த நாடு, எந்த மாநிலம், விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு என்ன என்பவை பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. வாசகர் அந்தப் பெயரைத்தான் அப்படியே முன்பதிவுத் தளத்தின் தேடுபெட்டியில் இடுகிறார். ஊர் மாறிப்போகும் குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

சிட்னியையே எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு எஸ்.ஒய்.டி. என்று குறியீடு. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்திலும் விமான நிலையத்தோடு ஒரு சிட்னி இருக்கிறது. அதன் குறியீடு ஒய்.கியூ.ஒய். ஆஸ்திரேலியா போக நினைத்துப் புறப்பட்டவர்கள் இந்த இரண்டாவது சிட்னியில் போய் இறங்கியது பலமுறை நடந்திருக்கிறது. 2017-ல் நெதர்லாந்து மாணவர் ஒருவர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். மற்றவற்றைவிட மலிவாகக் கிடைத்த சீட்டு அது. தேடல் பட்டியலை விலைப்படி அடுக்கினால், அருகில் இருக்கும் தவறான ஊர் இயல்பாகவே மேலே வந்து நிற்கும். அதனால் ஒரு சீட்டு மட்டும் காரணமில்லாமல் மலிவாகத் தெரிந்தால், முதலில் மொத்தப் பயண நேரத்தைப் பாருங்கள். அடுத்து, கடைசி விமானம் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியா போக ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். கடைசி விமானம் டொரொன்டோவிலோ ஹாலிஃபாக்ஸிலோ கிளம்பினால், அது போகும் சிட்னி வேறு.

குறியீட்டை மட்டும் நம்பினாலும் போதாது, ஏனென்றால் குறியீடுகளும் ஒன்றுபோல் இருக்கும். கோஸ்டா ரிக்காவின் தலைநகர் சான் ஹொசே எஸ்.ஜே.ஓ.; கலிஃபோர்னியாவின் சான் ஹொசே எஸ்.ஜே.சி.; மெக்சிகோவின் சான் ஹொசே டெல் காபோ எஸ்.ஜே.டி.; போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் எஸ்.ஜே.யு. அலபாமாவின் பர்மிங்ஹாம் பி.எச்.எம்., இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பி.எச்.எக்ஸ். சில ஊர்களுக்குப் பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் குறியீடு முற்றிலும் வேறாக இருக்கும். கனடாவின் செயின்ட் ஜான் ஒய்.எஸ்.ஜே.; அதே நாட்டில் சுமார் 1,000 கி.மீ. தள்ளியிருக்கும் செயின்ட் ஜான்ஸ் ஒய்.ஒய்.டி. (YYT); ஆன்டிகுவா தீவின் செயின்ட் ஜான்ஸ் ஏ.என்.யு. ஆகவே குறியீட்டையும் நாட்டையும் சேர்த்தே சரிபார்க்க வேண்டும். தொலைபேசியிலோ குரல்வழித் தேடலிலோ பதிவு செய்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்தும் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டும், வங்கதேசத்தின் டாக்காவும் செனகலின் டக்காரும், ஸ்பெயினின் கிரனாடாவும் கரீபியத் தீவு நாடான கிரெனடாவும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். தமிழில் அச்சிடும்போது இந்த வேறுபாடு இன்னும் மங்கிவிடுகிறது.

தவறு தெரிந்ததும் என்ன செய்வது என்பதைப் பயணக் கட்டுரைகள் எழுதுவதே இல்லை. சேருமிடத்தை மாற்றுவது எழுத்துப்பிழையைத் திருத்துவது போன்றதல்ல. பெரும்பாலும் பழைய சீட்டை ரத்து செய்து புதிது வாங்குவதாகவே அது கணக்கில் வரும். அமெரிக்காவுக்குப் போகும் அல்லது அங்கிருந்து கிளம்பும் விமானங்களுக்கு ஒரு நல்ல விதி இருக்கிறது. பயணத்துக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கையில் விமான நிறுவனத்திடமே நேரடியாகப் பதிவு செய்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவோ, பணம் கட்டாமலே அந்த விலையில் இடத்தைப் பிடித்து வைக்கவோ வழி தர வேண்டும். இரண்டில் எது என்பது நிறுவனத்தின் முடிவு. இடைத்தரகுத் தளங்களுக்கு இந்த விதி பொருந்தாது. எனவே உறுதிச்சீட்டு மின்னஞ்சலில் வந்த அன்றே அதைத் திறந்து, நாட்டின் பெயர் வரை படித்துவிட வேண்டும். பயண நாளில் படித்தால் காலம் கடந்துவிடும்.

வேறு சீட்டு வாங்கிவிட்டோமே என்று பழைய சீட்டின் முதல் பகுதியில் ஏறாமல் விட்டுவிடுவதும் ஆபத்து. முதல் பகுதிக்கு வராதவருடைய மீதிப் பயணம், திரும்பி வரும் விமானம் உட்பட, பொதுவாகத் தானாகவே ரத்தாகிவிடும். முதலில் நிறுவனத்திடம் பேசிவிட வேண்டும். பெட்டியை ஒப்படைக்கும்போது அதில் ஒட்டும் பட்டையைப் பாருங்கள். சேருமிடத்தின் மூன்றெழுத்து பெரிதாக அச்சாகியிருக்கும். பெட்டி உள்ளே போகுமுன் தவறைப் பிடிக்க அதுவே கடைசி நல்ல வாய்ப்பு.

இன்னொரு வகைக் குழப்பத்தில் ஊர் சரியாக இருக்கும், இறங்கும் இடம் எங்கோ இருக்கும். பிராங்ஃபர்ட் ஹான் விமான நிலையம் பிராங்ஃபர்ட் நகரிலிருந்து சுமார் 120 கி.மீ.; ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்டா அந்நகரிலிருந்து சுமார் 100 கி.மீ.; பாரிஸ் போவே பாரிஸிலிருந்து சுமார் 85 கி.மீ. விமானக் கட்டணத்தில் மிச்சமான பணம் பேருந்துக்கும் நேரத்துக்கும் போய்விடும். டோக்கியோவில் நரிட்டாவில் இறங்கி ஹனேடாவில் அடுத்த விமானம் பிடிப்பதாக இருந்தால், நுழைவு அனுமதி பெற்று, பெட்டியை எடுத்துக்கொண்டு, நகரைக் கடந்து போக வேண்டும். இரண்டு மணி நேர இடைவெளி அதற்குக் காணாது.

ரயில்வேக்கள் இதை ஓரளவு தீர்த்து வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் ஒரே பெயருள்ள ஊர்களானால் நிலையப் பெயரோடு ஆற்றின் பெயரும் வருவதுண்டு. பிராங்ஃபர்ட் (மைன்) பெருநகரம். பிராங்ஃபர்ட் (ஓடர்) போலந்து எல்லையில் இருக்கிறது. இங்கிலாந்தின் இரண்டு கில்லிங்ஹாம்களுக்கும் அடைப்புக்குறியில் டார்செட், கென்ட் என்று மாவட்டம் போடுகிறார்கள்.

சாலையில் வழிகாட்டும் கருவி ஓட்டுநருக்கு மனதில் என்ன இருக்கிறது என்று கேட்காது. 2009-ல் காப்ரி தீவுக்குக் காரில் கிளம்பிய ஸ்வீடன் தம்பதி ஓர் எழுத்து இடம் மாறியதால் வட இத்தாலியின் கார்பிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தீவுக்குப் போகும் வழியில் கடல் வர வேண்டுமே! 2016-ல் ஐஸ்லாந்தில் ஒரு பயணியின் விடுதிப் பதிவில் தலைநகர் ரெய்க்யவிக்கின் தெருப் பெயர் ஓர் எழுத்து கூடுதலாக அச்சாகியிருந்தது. கருவி அவரை ஏறத்தாழ 400 கி.மீ. தள்ளி, வடக்கே சிக்லுஃபியோர்துருக்குக் கொண்டுபோனது. பெயரைத் தட்டாமல் அஞ்சல் குறியீட்டையோ அட்சரேகை, தீர்க்கரேகையையோ இட்டிருந்தால் இரண்டும் நடந்திருக்காது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். தங்கள் இதழில் ஓர் ஊர் முதன்முறை வரும் இடத்தில் "சான் ஹொசே (கோஸ்டா ரிக்கா, எஸ்.ஜே.ஓ.)" என்பதுபோல் அச்சிடுங்கள். விமான நிலையம் இல்லாத ஊரானால் மாநிலமும் அருகிலுள்ள ரயில் நிலையத்தின் முழுப்பெயரும் போதும். இதனால் அரை வரிகூட அதிகமாகாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்