தூங்கிய சிங்கத்தைத் தட்டி எழுப்பியது பற்றிய புகார்

உயிரியல் பூங்காவை நடத்தும் நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உங்கள் பூங்காவுக்கு வந்திருந்தோம். கூட்டம், டிக்கெட் வரிசை, கழிவறை பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை, விடுமுறை நாளில் அதெல்லாம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். உங்கள் ஆட்கள் விலங்குகளை நடத்திய விதம்தான் என் புகார்.

சிங்கம் இருந்த இடத்துக்கு நாங்கள் போனபோது உச்சி வெயில். ஆண் சிங்கம் நிழலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சுக்கு மூச்சு வயிறு ஏறி இறங்குவதும், கனவு கண்டதோ என்னவோ, முன்னங்கால் லேசாகத் துடிப்பதும் கண்ணாடி வழியே நன்றாகத் தெரிந்தது. என் சின்ன மகள் கண்ணெடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது பேட்டரி கார் ஒன்று வந்து நின்றது, அதில் வந்தவர்கள் "என்னங்க, தூங்கிட்டு இருக்கு" என்று சலித்துக்கொள்ளவும், உங்கள் சீருடையில் இருந்த வழிகாட்டி இறங்கி வந்து சாவிக்கொத்தால் கண்ணாடியில் தட்டினார். அது அசையவில்லை. உடனே பக்கத்தில் இருந்த இரும்புக் கதவைக் கம்பால் ஓங்கி ஓங்கி அடித்தார். சிங்கம் திடுக்கிட்டு எழுந்து, காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, பின்பக்கச் சுவரோடு ஒட்டி நின்றது. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள், கார் கிளம்பத் தயாரானது.

"ஏங்க இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டேன். "எழுப்பலைன்னா எங்க மேல கம்ப்ளெயின்ட் எழுதிடறாங்கம்மா" என்றார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம். எழுப்பியதற்கும் புகார் வரும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதை அவர் தலையில் கட்டிவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது என்பதும் என் கோரிக்கை. அவருக்கு அப்படிச் செய்ய வேண்டிய நெருக்கடியை உண்டாக்கியது நிர்வாகம்தான்.

சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரைகூடப் படுத்தே கிடக்கும். காட்டிலும் அப்படித்தான். இரவிலும் விடியற்காலையிலும்தான் அதற்குச் சுறுசுறுப்பு. இதை இரண்டு வரியில் ஒரு பலகையில் எழுதி அங்கே வைத்திருந்தால், காரில் வந்தவர்களும் ஏமாற்றப்பட்டதாக நினைத்திருக்க மாட்டார்கள், வழிகாட்டிக்கும் வேலை சுலபமாகியிருக்கும்.

அப்புறம் ஒட்டகச்சிவிங்கி. வேலியிலேயே "உணவு கொடுக்காதீர்கள்" என்று பலகை தொங்குகிறது, அதற்கு நேர் எதிரே உங்கள் கடையிலேயே அதற்குக் கொடுப்பதற்கென்று ரொட்டித் துண்டுகளைப் பொட்டலம் கட்டி விற்கிறீர்கள். ஒட்டகச்சிவிங்கி அசைபோடும் பிராணி, நான்கு அறை உள்ள வயிறு அதற்கு, இலை தழையைச் செரிக்கத்தான் அந்த வயிறு. ரொட்டி போன்ற மாவுப்பொருள் அதிகமாக உள்ளே போனால் முதல் அறையில் மளமளவென்று புளித்து அமிலம் ஏறிவிடும், முற்றினால் உயிரே போகும். ஒரு குழந்தை ஒரு துண்டு கொடுப்பதில் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் நாங்கள் நின்ற சிறிது நேரத்துக்குள் எத்தனை கைகள் நீண்டன என்று பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். கிட்டத்தட்ட 45 சென்டிமீட்டர் நீளம் வரும் அந்தக் கருநீல நாக்கு இலையைச் சுற்றி வளைத்து உருவுவதைப் பார்க்க வேண்டுமென்றுதான் பிள்ளைகளுக்கும் ஆசை. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், உங்கள் கால்நடை மருத்துவர் சரி என்று சொல்லும் தழைக்கட்டை, பராமரிப்பாளர் பக்கத்தில் நிற்க, அளவாகக் கொடுக்க விடுங்கள்.

குரங்குக் கூண்டில் இன்னொரு கூத்து. சுற்றி நின்றவர்கள் கத்திக் கத்திக் கையை ஆட்ட, ஒரு சின்னக் குரங்கு பல்லை இளித்துக்கொண்டு பின்வாங்கியது. "பாருங்க, சிரிக்குது" என்று உங்கள் ஊழியரே பிள்ளைகளிடம் சொன்னார். அது சிரிப்பில்லை. குரங்கு அப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு ஒதுங்கினால் அது பயந்திருக்கிறது என்று அர்த்தம். பூங்கா ஊழியர் சொன்னால் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுவார்கள், வீட்டுக்குத் திரும்பிய பிறகு அதை மாற்றிச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

கரடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலியோரமாக ஒரே தடத்தில் போவதும் திரும்புவதுமாக இருந்தது, அது நடந்து நடந்து அந்த இடத்தில் மட்டும் புல்லே இல்லை. நாங்கள் சுற்றிவிட்டு மறுபடி வந்தபோதும் அதே நடை. இயல்பில் வெகுதூரம் அலைந்து திரியும் ஊனுண்ணி இனங்கள்தான் அடைப்பில் இப்படி அதிகம் நடக்கின்றன என்று ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள், இத்தனை வருடத்தில் உங்கள் துறையில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. அந்த அடைப்புக்குள் ஏற ஒரு மரக்கட்டை இல்லை, தோண்ட மண்மேடு இல்லை, இரையை ஒளித்து வைத்துத் தேட விடும் ஏற்பாடு எதையும் காணோம். சிமென்ட் தரையும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் மட்டும்தான்.

சிறுத்தை என்று பெயர் போட்ட அடைப்பில் இருப்பது ஜாகுவார், அதையும் மாற்றுங்கள். ரோஜாப்பூ வடிவப் புள்ளிக்கு நடுவே சின்னக் கரும்புள்ளிகள் இருப்பதை என் பெரியவனே கண்டுபிடித்துவிட்டான்.

டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, இலவச அனுமதிச்சீட்டும் வேண்டாம். விலங்கைத் தட்டி எழுப்பக் கூடாது என்று வழிகாட்டிகளுக்கு எழுத்தில் உத்தரவு போடுங்கள், எழுப்பாததற்காக யார் புகார் கொடுத்தாலும் அவர்கள் மேல் நடவடிக்கை வராது என்பதையும் அதே உத்தரவில் சேருங்கள். ரொட்டி விற்பனையை உடனே நிறுத்துங்கள். கரடிக்கு என்ன செய்யப் போகிறீர்கள், எப்போது செய்வீர்கள் என்று எனக்குப் பதில் எழுதுங்கள். அந்தப் பதில் வந்த பிறகுதான் பிள்ளைகளை மறுபடி அங்கே கூட்டி வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.

இப்படிக்கு,
குடும்பத்தோடு வந்து சென்ற ஒரு பார்வையாளர்