ஐஸ் ஹவுஸுக்கு ஒரு திருத்தம் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் மெரினா கடற்கரைக் கட்டடங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஐஸ் ஹவுஸ் என்று நாங்கள் சொல்லும் விவேகானந்தர் இல்லத்துக்கு நாலே வரி. அதில் ஒரு வரி, ஆங்கிலேயர் கட்டிய அந்த வட்ட மாளிகை அன்றிலிருந்து இன்றுவரை மாறாமல் அப்படியே நிற்பதாகச் சொல்கிறது. திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவள் நான். மனசு கேட்கவில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை. 1842-ல் அதைக் கட்டியது அமெரிக்காக்காரர் ஃப்ரெடரிக் டியூடரின் கம்பெனி. ஐஸ் கிடங்காகத்தான் கட்டினார்கள். பாஸ்டன் பக்கத்துக் குளங்கள் குளிரில் உறைந்ததும் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்தார்கள். அப்போது சென்னையில் துறைமுகமே கிடையாது. தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பலிலிருந்து மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் எதுவும் கரைக்கு வரும். அப்படி வந்த ஐஸ் உருகிவிடாமல் இருக்க எழுப்பிய சுவர் அது. வெயிலும் காற்றும் உள்ளே போகக் கூடாது என்பதுதான் அந்தக் கட்டடத்தின் வேலையே. இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும், 1880 வாக்கில் வியாபாரம் படுத்துவிட்டது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இதே கம்பெனி ஐஸ் வைத்திருந்த கிடங்குகள் இன்று இல்லை. மிஞ்சியது நம்முடையது ஒன்றுதான்.

அதை வீடாக்கியவர் வக்கீல் பிலிகிரி ஐயங்கார். கட்டுரையாளர் 'அழகு' என்று வியக்கும் வளைந்த தாழ்வாரங்களும் ஜன்னல்களும் அவர் சேர்த்தவை. நீதிபதி கெர்னன் மேல் இருந்த மதிப்பில் 'கேஸில் கெர்னன்' என்று பேர் வைத்தார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது இந்த மாற்றிக் கட்டிய வீட்டில்தான். அப்புறம் பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய ராமகிருஷ்ண மடம் அங்கே நடந்தது. பிலிகிரி ஐயங்கார் பேர் கட்டுரையில் ஓர் இடத்தில்கூட வரவில்லை.

இதையாவது பொறுத்துக்கொள்வேன். சகோதரி சுப்பலட்சுமியை விட்டுவிட்டதைப் பொறுக்க முடியவில்லை. தானே பால்ய விதவை. 1911-ல் பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் வாங்கியவர். இளம் விதவைகளைப் படிக்கவைக்க ஹாஸ்டல் தொடங்கி, அவர்களோடு அவர் வந்து சேர்ந்தது இந்த ஐஸ் ஹவுஸுக்குத்தான். என் அத்தைப் பாட்டி அங்கே இருந்தவர். பதினோரு வயதில் தாலி அறுத்து, தலை மழித்து, வீட்டு உள்கட்டில் உட்காரவைத்த பெண். ராத்திரி அலைச் சத்தம் அந்த வட்டச் சுவரெல்லாம் சுற்றி வரும், முதல் வாரம் பயந்து தூங்கவே இல்லை என்பார். காலையில் வரிசையாக வெளியே போனால் எதிரே வருகிறவர்கள் சகுனம் சரியில்லை என்று ஒதுங்குவார்களாம். பின்னாளில் டீச்சரானார், தன் சம்பளத்தில் என் அப்பாவைப் படிக்கவைத்தார். 'நான் மனுஷியானது ஐஸ் ஹவுஸில்' என்று 1986-ல் கண்ணை மூடும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். மாறாமல் நிற்கும் மாளிகை என்று ஒரு வரியில் முடித்தால் அவரை எங்கே வைப்பது ஐயா?

நாற்பது வருஷமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறோம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் சென்னை தினம் வந்தால் அதே படம், அதே நாலு வரி. பக்கத்திலேயே கேப்பர் ஹவுஸ் இருந்தது. 1914-ல் ராணி மேரி கல்லூரி தொடங்கிய வீடு. அது இடிபட்டபோது நான் எழுதிய கடிதம் உங்களுக்கு வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. எங்கள் தெருவில் திண்ணை வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடியானபோதும் எழுதினேன். பதில் இல்லை. இருக்கிற வீட்டின் கதையையாவது சரியாகச் சொல்லக் கூடாதா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு ஒரு சின்னத் திருத்தம்: கட்டியது அமெரிக்கக் கம்பெனி, வீடாக மாற்றியது பிலிகிரி ஐயங்கார், சகோதரி சுப்பலட்சுமியின் விதவைப் பெண்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். மூன்று வரி போதும்.

அத்தைப் பாட்டியின் புகைப்படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறு வருஷம் முன்னால் அனுப்பிய எங்கள் பழைய வீட்டுப் படம் திரும்பி வரவே இல்லை. அதனால் இந்த முறை நகல்தான்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருவல்லிக்கேணி, சென்னை