கில்ராயிலிருந்து தோழிக்கு

அன்புத் தோழிக்கு,

உன் நீளமான மெயில் வந்தது. அம்மாவின் கண், ஸ்கூலில் புதுக் கட்டடம், பெரியவளுக்கு வரன் பார்ப்பது எல்லாவற்றையும் எழுதிவிட்டு நடுவில் ஒரு வரி போட்டிருக்கிறாய்: "இந்த வயசுல காலேஜுக்குப் போயி ஸ்பானிஷும் நாடகமும் படிக்கிறியாமே, எதுக்குடி?" மற்றதற்கெல்லாம் போனில் பேசிக்கொள்வோம். இந்த ஒரு வரிக்கு மட்டும் உட்கார்ந்து எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் இந்தக் கம்யூனிட்டி காலேஜ் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ மனதில் வைத்திருக்கும் காலேஜ் வேறு. இங்கே கட் ஆஃப், கவுன்சலிங், டொனேஷன் எதுவும் கிடையாது. பதினெட்டு வயது நிரம்பிய யார் வேண்டுமானாலும் போய்ச் சேரலாம், மேல் வயதுக்கு வரம்பே இல்லை. கலிஃபோர்னியாவில் மட்டும் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. பாடத்தின் அளவை இங்கே 'யூனிட்' என்று கணக்கிடுகிறார்கள். 60 யூனிட் முடித்தால் இரண்டு வருஷ டிகிரி, வேண்டுமென்றால் அங்கிருந்து பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷத்துக்கு மாறிக்கொள்ளலாம். இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். ஆரம்ப ஸ்பானிஷ் ஐந்து யூனிட், ஆக 230 டாலர், புத்தகம் தனி. தனியார் பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷத்துக்கு வாங்குகிற பணத்தோடு வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. வசதி குறைந்தவர்களுக்கு இந்தக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்கிறார்கள். இந்த நாட்டில் எனக்கு மனசாரப் பிடித்த விஷயங்களில் இதற்குத்தான் முதல் இடம் என்பேன். பூண்டு பதப்படுத்தும் ஷெட்டில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வரும் பத்தொன்பது வயதுப் பெண், பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவர், பேரன் பேத்தி எடுத்த ஒரு தாத்தா, நான், எல்லோரும் ஒரே வகுப்பு. யாரும் யாரையும் "நீ ஏன் இங்கே" என்று கேட்பதில்லை.

சரி, ஸ்பானிஷ் எதற்கு? நான் இருக்கும் கில்ராயில் பாதிக்கு மேல் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். கடையில், கிளினிக்கில், பஸ் ஸ்டாப்பில் என்னைச் சுற்றிலும் அந்த மொழி ஓடிக்கொண்டே இருக்கிறது. இத்தனை வருஷம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமலே நடந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, கொத்தமல்லிக் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்துவிட்டுப் போவார். அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பதுதான் நான் சேர்ந்ததற்கு முதல் காரணம், வேறு பெரிய திட்டமெல்லாம் இல்லை. இப்போது பேசுகிறோம். அவருடைய ஊர் மெக்சிகோவில் மிச்சோஆகான் மாநிலம், சோளத்தை எப்படிச் சுண்ணாம்பு போட்டு வேகவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்த மொழி அவ்வளவு அந்நியமாக இல்லை என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ, நீங்கள் என்ற வித்தியாசம் அங்கேயும் உண்டு. வினைச்சொல்லின் வாலிலேயே யார் செய்தது என்று வந்துவிடும், நாம் 'நான்' போடாமல் 'வந்தேன்' என்கிறோமே, அதே மாதிரி. 'எனக்குப் பிடிக்கும்' என்பதைக்கூட அவர்கள் நம்மைப் போலத்தான் கட்டுகிறார்கள். வகுப்பில் இங்கிலீஷ் மட்டுமே பேசி வளர்ந்த பையன்கள் அந்த இடத்தில் திணறும்போது எனக்கு அது வீட்டு வாசல். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று ஜடப்பொருளுக்கெல்லாம் பால் பிரிப்பதுதான் கஷ்டம். அதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

நாடகத்துக்கு நான் எப்படிப் போனேன் என்பது உனக்குச் சொல்லாமலே தெரியும். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்காகக் கிராமம் கிராமமாக நாம் நாடகம் போட்டதை மறக்க முடியுமா. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கோயில் திடலில் கல் குவாரிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பார்த்தார்களே, கணக்குப் பிள்ளை ஏமாற்றுகிற கட்டத்தில் ஒரு அம்மா எழுந்து "ஆமா, என்கிட்டயும் இப்படித்தான் கை நாட்டு வாங்குனான்" என்று கத்தினாரே. கல்யாணம், குழந்தை, இடமாற்றம் என்று அதெல்லாம் அப்படியே நின்றுபோனது. ஸ்பானிஷ் வகுப்புக்குப் பெயர் பதியப் போனபோது பட்டியலில் 'தியேட்டர் ஆர்ட்ஸ்' கண்ணில் பட்டது, அதையும் சேர்த்துப் போட்டுவிட்டேன்.

இங்கே நாடகம் படிப்பது என்றால் நடிப்பு மட்டும் இல்லை, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு வகுப்பு முழுக்கத் தச்சு வேலை, பெயின்ட், விளக்கு. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக்கட்டி, பசைத்தண்ணீர் பூசி, அது விறைப்பானதும் கல்சுவர் மாதிரி வண்ணம் தீட்டுகிறோம். விளக்கு மாட்ட ஏணியில் ஏறுபவர் ஸ்பேனரை மணிக்கட்டில் கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும், நழுவினாலும் கீழே நிற்பவர் தலையில் விழாமல் இருக்க. நாடகம் நடக்கும்போது மேடை மேலாளர் ஹெட்செட்டில் ஒவ்வொரு விளக்கு மாற்றத்துக்கும் 'ஸ்டாண்ட் பை' சொல்லி, பிறகு 'கோ' என்பார். அந்தக் 'கோ' காதில் விழுந்தால்தான் பட்டனை அழுத்தலாம், அதனால் அந்த நேரத்தில் வேறு எதற்கும் யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். இருட்டில் கறுப்புச் சட்டையோடு நின்று அந்தக் குரலுக்காகக் காத்திருக்கும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நடிப்பு வகுப்பில் ஆசிரியர் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்வி: எதிரே நிற்பவரிடமிருந்து உன் பாத்திரத்துக்கு இப்போது என்ன வேண்டும்? அழு, கோபப்படு என்றெல்லாம் சொல்லவே மாட்டார். கடன் வேண்டுமா, மன்னிப்பு வேண்டுமா, அவன் இடத்தைக் காலி செய்ய வேண்டுமா, அதை முடிவு செய்துகொண்டு பேசு என்பார். அப்படிப் பேசினால் முகம் தானாக வந்துவிடுகிறது. இதையே ஸ்பானிஷிலும் செய்து பார்த்தேன். பாடப்புத்தகத்தில் இருந்த 'கடையில் பழம் வாங்குதல்' உரையாடலை எடுத்து, பழம் அழுகியிருக்கிறது, காசைத் திருப்பி வாங்கியே தீர வேண்டும் என்று வைத்துக்கொண்டு பேசினேன். எத்தனை தடவை எழுதியும் மண்டையில் ஏறாத வினை வடிவங்கள் அன்றைக்கு ஒட்டிக்கொண்டன, இன்றுவரை போகவில்லை. மொழி வகுப்பு வைக்கிற எல்லாரும் பக்கத்தில் ஒரு மேடையும் வைக்க வேண்டும் என்பேன் நான்.

இரண்டும் ஒன்று சேர்கிற இடத்துக்கு இப்போது வருகிறேன், இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கள் ஊரிலிருந்து காரில் கொஞ்ச தூரம் போனால் சான் ஹுவான் பவுடிஸ்டா என்ற சின்ன ஊர். அங்கே 'எல் தியாத்ரோ கம்பெசீனோ' இருக்கிறது, உழவர் நாடகக் குழு என்று வைத்துக்கொள். 1965 செப்டம்பரில் இதே கலிஃபோர்னியாவில் டெலானோ என்ற ஊரின் திராட்சைத் தோட்டங்களில் ஃபிலிப்பினோ தொழிலாளர்கள் லாரி இட்லியோங் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாளில் சேசர் சாவேஸும் டொலோரெஸ் ஹுவெர்த்தாவும் நடத்திய சங்கத்தின் மெக்சிகோத் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சமயத்தில் லூயிஸ் வால்தெஸ் என்ற இளைஞர் அங்கே வந்தார். டெலானோவிலேயே பிறந்தவர், தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, நாடகம் படித்தவர். கையில் பிரதி இல்லை, மேடை இல்லை, நடிகர்கள் இல்லை. இரண்டு பேர் கழுத்தில் 'வேலைநிறுத்தக்காரன்' என்று அட்டையைத் தொங்கவிட்டார், இன்னொருவர் கழுத்தில் 'கருங்காலி', அதாவது வேலைநிறுத்தத்தை உடைத்து வேலைக்குப் போகிறவன். இனி நீங்களே நடியுங்கள் என்று விட்டுவிட்டார். கருங்காலி வேஷம் யாருக்கும் வேண்டாம், ஆனால் ஒருவர் போட்டுக்கொண்டதும் மற்ற இருவரும் அவரைப் பிடித்துக் கத்த ஆரம்பித்தார்கள், கூடியிருந்த கூட்டம் சிரித்து உருண்டது. அங்கிருந்து தொடங்கியது எல்லாம். லாரிகளின் பின்பலகைதான் மேடை, தோட்டத்து ஓரம்தான் அரங்கம். 1966இல் டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோ வரை தொழிலாளர்கள் நடந்தார்களே, அந்த ஊர்வலம் தங்கிய ஊர்களில் ராத்திரி நாடகம் போட்டார்கள். 1970இல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

அவர்களுடைய குறுநாடகம் ஒன்றை எங்கள் வகுப்பில் செய்தோம். அதில் பன்றி முகமூடி போட்ட முதலாளி தொழிலாளியிடம், "உனக்கென்னப்பா, கவலை இல்லாத வாழ்க்கை" என்ற தோரணையில் புலம்பி, ஆசைக்காக அவனோடு இடம் மாற்றிக்கொள்கிறான். முகமூடியும் சுருட்டும் தொழிலாளியிடம் போனதுமே முதலாளியின் சொந்தக் காவல்காரனே அவனைத் தொழிலாளி என்று நினைத்து இழுத்துப் போட்டு அடிக்கிறான். எனக்குக் கிடைத்தது முதலாளி வேஷம். முகமூடியைக் கழற்றிக் கொடுக்கும் கணத்தில் தோள் எப்படிச் சுருங்க வேண்டும் என்பதை அந்தப் பூண்டு ஷெட் பெண்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தாள். "சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்கும்போது எங்கள் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும்" என்று கழுத்தை உள்ளே இழுத்துக் காட்டினாள். எந்தப் புத்தகத்திலும் இது கிடைக்காது.

அவளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவள், ஆனால் எழுத வராது. 1998இல் இந்த மாநிலத்தில் ஓட்டெடுப்பு நடத்தி, பொதுப் பள்ளிகளில் பெரும்பாலும் இங்கிலீஷிலேயே பாடம் நடத்த வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். 2016இல் மறுபடி ஓட்டெடுப்பு வைத்துத்தான் அதை நீக்கினார்கள். இவள் ஆரம்பப் பள்ளியில் படித்தது அந்தச் சட்டம் இருந்த காலத்தில். பாட்டிக்குக் கடிதம் எழுத முடியவில்லை என்று வருத்தப்பட்டவள், இப்போது வீட்டு மொழியாக ஸ்பானிஷ் பேசுபவர்களுக்கென்றே இருக்கும் தனி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். என் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், உன் கடிதத்தைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். அவள் எழுத ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு இப்போது சின்னவன் "எனக்கும் எழுதக் கற்றுக்கொடு" என்கிறான். ஞாயிறு காலை அதற்கு என்று வைத்திருக்கிறோம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வேலைக்காக இல்லை, டிகிரி வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் பரவாயில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் செய்ததை உலகத்தின் இன்னொரு மூலையில் திராட்சை பறித்தவர்களும் செய்திருக்கிறார்கள், நமக்கும் முன்னாலேயே, அதுவும் நான் இருக்கிற இதே மாநிலத்தில். அவர்கள் மொழியிலேயே அதைப் படிக்கவும் அவர்கள் பேத்திகளோடு நின்று நடிக்கவும் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. இதை விடுவேனா சொல்லு.

அப்புறம், ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை வைத்து என்ன போடுவது என்று கேட்டிருந்தாய். பிரதி தேடாதே. அந்தக் கழுத்து அட்டையைச் செய்து பார். 'தண்ணி லாரிக்காரர்', 'குடத்தோட நிக்கிற அம்மா', 'கவுன்சிலர்' என்று மூன்று அட்டை எழுதி மாட்டிவிடு, லாரிக்காரரிடமிருந்து அந்த அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேள், வேறு எதுவும் சொல்லாதே. கூச்சப்படுகிற பிள்ளைக்குக் கவுன்சிலர் அட்டையைக் கொடு. அவர்கள் பேசுவதை யாராவது ஒருத்தர் எழுதிக்கொண்டே வரட்டும், நாலைந்து ஒத்திகையில் நாடகம் தயாராகிவிடும். நம் பழைய பாட்டு நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது? அதில் சைக்கிள் பாட்டு இருந்தால் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பு, மெட்டு ஞாபகம் இருக்கிறது, இரண்டாவது சரணம் மறந்துவிட்டது.

டிசம்பரில் சான் ஹுவான் பவுடிஸ்டாவின் பழைய மிஷன் தேவாலயத்துக்குள்ளேயே அந்தக் குழு நாடகம் போடுவார்கள். வகுப்போடு போகிறோம், பார்த்துவிட்டு எழுதுகிறேன். அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி குறித்ததும் சொல், அன்றைக்கு நான் போன் செய்கிறேன். அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
பழைய கலைக்குழுக்காரி