ஒரு டன்னுக்கு 3.5 கிலோ

ஆசிரியருக்கு வணக்கம்.

அணு உலைக்கான புது எஃகு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆக்சைடு சேர்த்து உறுதியாக்கிய ஃபெரிட்டிக் எஃகை, அதாவது குரோமியம் கலந்த ஒரு வகை எஃகைப் பற்றித் தமிழில் எழுத ஆள் இருக்கிறாரே என்று சந்தோஷம்தான். ஆனால் அதற்கு வேண்டிய இட்ரியம் என்ற உலோகமும் டைட்டானியமும் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடக்கிறது, தோண்டினால் போதும் என்கிற மாதிரி முடித்திருந்தீர்களே, அது எனக்கு ஒத்துவரவில்லை.

கணக்கைப் பாருங்கள். நம் நாட்டில் இதற்காக எடுத்துக்கொண்ட கலவையில் குரோமியம் 9 சதவீதம், டங்ஸ்டன் 2, டைட்டானியம் 0.2, இட்ரியா, அதாவது இட்ரியத்தின் ஆக்சைடு, வெறும் 0.35. அதாவது ஒரு டன் எஃகுக்கு 3.5 கிலோ இட்ரியா, 2 கிலோ டைட்டானியம். நம் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் சீரியம், லாந்தனம், நியோடிமியம், தோரியம் எல்லாம் நிறைய உண்டு, இட்ரியம் சொற்பம்தான். கிள்ளியூர் பக்கம் மணல் எடுக்கலாமா கூடாதா என்பது தனிச் சண்டை, அதில் எனக்கும் ஒரு கருத்து இருக்கிறது, ஆனால் இந்த எஃகைக் காரணம் காட்டி யாரும் பேச வேண்டாம்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இட்ரியா உருகிய இரும்பில் கலக்காது, எடையும் குறைவு, கசடோடு மேலே மிதந்துவிடும். அதனால் உருக்கவே கூடாது. எஃகுப் பொடியையும் இட்ரியாவையும் ஆர்கான் வாயுவில் வைத்து, உலோகக் குண்டுகள் போட்டுச் சுழற்றும் அரவை இயந்திரத்தில் (ball mill) மணிக்கணக்காக அடித்து அரைக்கிறார்கள். இட்ரியா உடைந்து இரும்புக்குள்ளேயே கரைந்துபோகிறது. பிறகு அந்தப் பொடியை ஒரு எஃகு டப்பாவில் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, 1150 டிகிரி அளவில் சூடாக்கி அச்சு வழியாகப் பிதுக்கும்போது, இட்ரியம், டைட்டானியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து 2 முதல் 5 நானோமீட்டர் துகள்களாக மறுபடி பிறக்கின்றன. டைட்டானியம் இல்லாவிட்டால் துகள் இவ்வளவு பொடியாக வராது. உலோகம் வளைந்து நீள்வதற்குக் காரணமான டிஸ்லொகேஷன்களை, அதாவது அணு வரிசையில் உள்ள பிசகுகளை, இந்தத் துகள்கள்தான் பிடித்து நிறுத்துகின்றன, அதுவும் சாதாரண எஃகு தளர்ந்துவிடும் 650, 700 டிகிரியில்.

இவ்வளவு பாடு எதற்கு? வேக ஈனுலையில், அதாவது வேக நியூட்ரான்களால் ஓடி எரிபொருளையும் உண்டாக்கும் அணு உலையில், எரிபொருளை அடைத்து வைக்கும் ஸ்டெயின்லெஸ் குழாய் நியூட்ரான் அடி பட்டுப் பட்டு வீங்கும். ஃபெரிட்டிக் எஃகு அவ்வளவு வீங்காது, ஆனால் சூட்டில் தளரும். அந்தக் குறைக்குத்தான் ஆக்சைடு.

சரி, வலிமை வந்தாச்சு என்று நினைத்தால் அடுத்த தலைவலி. அச்சு வழியாகப் பிதுக்கியதில் உள்ளே இருக்கும் படிக மணிகள் எல்லாம் நீளவாக்கில் இழுபட்டு, பனங்கையில் நார் ஓடுகிற மாதிரி ஒரே திசையில் கிடக்கும். நீளத்தில் இழுத்துப் பார்த்தால் பிரமாதமான எண் வரும். எரிபொருள் குழாயில் பிரச்சினையோ உள்ளே சேரும் வாயு சுற்றளவுப் பக்கமாகத் தள்ளுவது, அந்தத் திசையில்தான் இது பலவீனம், நாள்பட்ட சூட்டில் மெல்ல நீண்டு விரிசல் விடுவதும் அங்கேதான். 9 சதவீத குரோமியக் கலவையைச் சூடேற்றி இறக்கினால் மணிகளின் அமைப்பு மாறி இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் குறையும், அந்தக் கலவையைத் தேர்ந்ததற்கு அது ஒரு காரணம். குரோமியத்தை 14, 18 என்று ஏற்றினால் அரிப்பைத் தாங்கும், ஆனால் 475 டிகிரி பக்கம் நெடுநாள் இருந்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

வெல்டிங்கைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை. சாதாரணமாக உருக்கி ஒட்டினால் அந்த நானோ துகள்கள் ஒன்றுகூடித் திரண்டுவிடும், அந்த இடம் மட்டும் பழைய எஃகாகிவிடும். அழுத்தியோ, உராய்வுச் சூட்டிலோ, உருகாமல் ஒட்ட வேண்டும். கல்பாக்கத்து ஆய்வு மையமும் ஹைதராபாத் நிறுவனங்களும் பாடுபட்டதெல்லாம் பொடி, குழாய், ஒட்டு என்று இந்த மாதிரி வேலைகளில்தான்.

அப்புறம் குளச்சல், முட்டம் பக்கம் படகுக்கு இது ஆகுமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆகாது. 9 சதவீத குரோமியம் கடற்காற்றுக்குப் போதாது, விலையும் கட்டாது.

அடுத்த தடவை இதன் வலிமையை எண்ணாகப் போடும்போது, எந்தத் திசையில் இழுத்தது, எத்தனை டிகிரி சூட்டில், எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். நம் மாவட்டத்து இன்ஜினியரிங் பிள்ளைகள் உங்கள் பேப்பரை வெட்டி வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உலோகவியல் ஆசிரியர்,
தக்கலை