இரக்கத்துக்கு இந்தக் காட்சி எதற்கு?

ஆசிரியருக்கு,

2018 அக்டோபரில் பிரிட்டனின் ஐடிவி ஒளிபரப்பிய ‘பட்டர்ஃபிளை’ மூன்று பகுதி நாடகம். ஆணாகப் பிறந்து சிறுமியாக வாழ விரும்பும் 11 வயதுக் குழந்தையின் கதை. இப்படியொரு கதையே கூடாது என்று கொதித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாய் ஒரு பக்கமும் தந்தை மறுபக்கமும் இழுப்பதை அது நேர்மையாகவே காட்டியது. என் குறை வேறு. அக்குழந்தை உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதாகக் காட்ட வேண்டுமா? இத்தகைய பிள்ளைகளைக் கவனித்துவந்த அரசு மருத்துவச் சேவையே அச்சித்திரிப்பு உதவாது என்று சொன்னது. அலைக்கழியும் பெற்றோர் பலர் இதைப் பார்த்திருப்பார்கள், அவர்களின் பிள்ளைகளும்தான். வீட்டுக்குள் நடக்கும் வாக்குவாதங்களே பார்ப்பவரைக் கலங்கடிக்கப் போதுமானவையாக இருந்தன. அந்தக் காட்சியை வெட்டியிருந்தால் நாடகம் எதையும் இழந்திருக்காது.

- ஒரு வாசகி, திருச்சி