காலி கார்ட்ரிட்ஜை அட்டைப்பெட்டியோடு கொடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

18 வருடமாக பிரிண்டர் பழுது பார்க்கிறேன். போலி மருந்து, போலி விதை என்றால் பத்திரிகைகள் எழுதுகின்றன, மக்களும் உஷாராகிவிடுகிறார்கள். பிரிண்டருக்குள் மாட்டும் மை டப்பாவான கார்ட்ரிட்ஜ் டூப்ளிகேட் என்றால் மட்டும் "மைதானே, போனால் போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் யார் யார் நஷ்டப்படுகிறார்கள் என்று வாரத்துக்கு வாரம் பார்க்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

சமீபத்தில் ஒரு பள்ளி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். புது கார்ட்ரிட்ஜ் போட்ட மூன்றாம் நாளே தாளின் மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கோடு விழுகிறது, பிரிண்டர் கெட்டுவிட்டது, வந்து பாருங்கள் என்றார்கள். போனேன். அலுவலகத்து அம்மா அச்சடித்த மாற்றுச் சான்றிதழ் ஒன்றை என்னிடம் கொடுத்து, "கோடு கிடக்கட்டும் சார், எழுத்தைத் தேய்த்துப் பாருங்கள்" என்றார். கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தேன். ஒரு பையனின் பிறந்த தேதி என் விரலில் வந்துவிட்டது, தாளில் சாம்பல் நிறத்தில் ஒரு இழுப்பு மட்டும் மிச்சம்.

கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துப் பார்த்தேன். பெட்டி பளபளவென்று புதிது. கம்பெனி பெயர், ஸ்டிக்கர், உறை எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம். ஆனால் கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டில் இருக்கும் பல்சக்கரத்தின் பற்கள் ஓடி ஓடித் தேய்ந்து வழவழத்துப் போயிருந்தன, பிரிண்டருக்குள் உரசுகிற உலோகத் தகட்டில் கீறல் மேல் கீறல், மூடியைத் தள்ளினால் உள்ளே தாளில் பொடியைப் பதிக்கும் உருளையான டிரம்மைச் சுற்றி மோதிரம் போட்டது மாதிரி வரிகள். மூன்று நாளில் இப்படித் தேயவே தேயாது. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் அடித்து ஓய்ந்த கார்ட்ரிட்ஜ் அது. புதுசு என்று பெட்டி போட்டு இவர்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

எழுத்து ஏன் விரலில் வருகிறது என்று பலரும் கேட்கிறார்கள். டோனர் என்பது உண்மையில் பிளாஸ்டிக் பொடி, ஒவ்வொரு துகளும் ஏறத்தாழ 5 முதல் 10 மைக்ரான். பிரிண்டருக்குள் ஃப்யூசர் என்ற சூடான உருளை அதை 200 டிகிரி அளவில் உருக்கித் தாளோடு அழுத்துகிறது. எந்தச் சூட்டில் எந்தப் பொடி உருகும் என்பதை அந்தந்த பிரிண்டருக்கென்று பொருத்தித்தான் தயாரிப்பார்கள். மட்டமான பொடி சரியாக உருகாமல் தாளின் மேலேயே உட்கார்ந்திருக்கும், தேய்த்தால் வந்துவிடும். சில பொடிகள் அதிகமாக உருகி உருளையிலேயே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நல்ல கார்ட்ரிட்ஜ் போட்டாலும் கறை போகாது, ஃப்யூசரையே மாற்றவேண்டும். திரவ மையில் ஓடும் இங்க்ஜெட் பிரிண்டரில் இன்னும் மோசம். மையைத் தாளில் தெளிக்கும் ஹெட் பிரிண்டரிலேயே பொருத்தப்பட்ட மாடல்களில் தப்பான இங்க் போய் ஹெட் அடைத்துக்கொண்டால் பல சமயம் பிரிண்டரே போச்சு. போலி கார்ட்ரிட்ஜால் வந்த சேதத்துக்கு வாரண்டியும் பொதுவாகக் கிடைக்காது.

சரி, இந்தப் போலி எங்கிருந்து வருகிறது? 1982-ல் கேனன் தன் சிறிய நகல் இயந்திரத்துக்காக டிரம், டோனர் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்தது, 1984-ல் வந்த எச்பி லேசர்ஜெட்டும் அதே வழிதான். டப்பாவை மாற்றினால் பாதி இயந்திரம் புதிதாகிவிடும் என்பது நமக்குப் பெரிய வசதி. போலி செய்கிறவனுக்கும் அதுவே வசதியாகிவிட்டது. ஒரு ஒரிஜினல் காலி டப்பா கிடைத்தால் போதும், மட்டமான பொடியை நிரப்பி, கார்ட்ரிட்ஜை பிரிண்டருக்கு அடையாளம் காட்டும் சிப்பை மாற்றி, கம்பெனி பெட்டியில் போட்டு ஒட்டிவிடுவான். அந்தக் காலி டப்பாவை அவனுக்குக் கொடுப்பது நாம்தான். பழைய கார்ட்ரிட்ஜ் வாங்க வருகிறவர்களில் சிலர் "பெட்டியோடு இருந்தால் கூடுதலாகத் தருகிறேன்" என்பார்கள், பலரும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள். காலி டப்பாவில் பொடி நிரப்பி ரீஃபில் செய்கிறவருக்குப் பழைய அட்டைப்பெட்டி எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

ரீஃபிலுக்கு நான் எதிரி கிடையாது, நானே செய்து கொடுக்கிறேன். ரீஃபில் என்று சொல்லி விற்பதும், கம்பேட்டிபிள் (அந்த பிரிண்டருக்குப் பொருந்தும் வேறு கம்பெனி தயாரிப்பு) என்று சொந்தப் பெயர் போட்டு விற்பதும் நேர்மையான தொழில். 2017-ல் லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் கம்பெனியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், விற்ற கார்ட்ரிட்ஜின் மேல் கம்பெனி காப்புரிமை கொண்டாடி மறுவிற்பனையைத் தடுக்க முடியாது என்றுதான் சொன்னது. அடுத்தவன் பெயரை ஒட்டி, பழையதைப் புதிது என்று விற்பது மோசடி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும்போது எங்களைப் போன்றவர்களுக்கு வயிறு எரிகிறது.

வாங்கும்போது முதலில் விலையைப் பாருங்கள். மற்ற எல்லா இடத்தையும்விட ரொம்பக் குறைவாக ஒரே ஒருவர் மட்டும் கொடுத்தால், அதுவும் ஆன்லைனில் முன்பின் தெரியாத விற்பனையாளராக இருந்தால், கேள்வி கேளுங்கள். பெட்டியில் இருக்கும் பாதுகாப்பு ஸ்டிக்கரைச் சாய்த்துப் பாருங்கள். நிஜமான ஹோலோகிராமில் நிறமோ உருவமோ மாறும், நகலெடுத்த ஸ்டிக்கர் எப்படிச் சாய்த்தாலும் அப்படியே மினுங்கும். எச்பி ஸ்டிக்கரில் கியூஆர் கோடு இருக்கிறது, ஆனால் போலி ஸ்டிக்கரின் கியூஆர் கோடு போலித் தளத்துக்கே கூட்டிப்போகலாம் என்பதால் கம்பெனியின் தள முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போங்கள். பெட்டியைப் பிரித்ததும் பல்சக்கரம், உலோகத் தகடு, டிரம் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள், டிரம்மை மட்டும் அதிக நேரம் வெளிச்சத்தில் வைக்காதீர்கள், கையாலும் தொடாதீர்கள். புதிதாகப் பிரித்த கார்ட்ரிட்ஜைப் போட்டவுடன் "பயன்படுத்தப்பட்டது" என்றோ "ஒரிஜினல் அல்ல" என்றோ பிரிண்டர் செய்தி காட்டினால் ஓகே அழுத்திவிட்டுப் போய்விடாதீர்கள், அந்தத் திரையைப் போட்டோ எடுங்கள். அப்படிச் செய்தி வராவிட்டாலும் ஒரிஜினல் என்று நிச்சயமாகிவிடாது, சிப்பையும் ஏமாற்றுகிறார்கள்.

இன்னொன்று, யாருமே செய்வதில்லை: கார்ட்ரிட்ஜ் மாட்டும் அன்று பிரிண்டரின் பக்க எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள், கழற்றும்போது மறுபடி பாருங்கள். கறுப்பு டோனர் பெட்டியில் இத்தனை பக்கம் வரும் என்று போட்டிருக்கும் கணக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 19752 என்ற தர அளவின்படி எடுக்கப்படுவது. படமும் கறுப்புக் கட்டமுமாக அடித்தால் குறையத்தான் செய்யும், ஆனால் வெறும் கடிதம் அடித்தே பாதிக்கும் கீழே போனால், அதுவும் திரும்பத் திரும்ப ஒரே விற்பனையாளரிடம் வாங்கியதில் போனால், சந்தேகப்படத்தான் வேண்டும். தாளில் விழும் புள்ளி டிரம்மால் வருகிறதா என்பதையும் ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கலாம். சின்ன லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் டிரம்மின் சுற்றளவு சுமார் 75 மில்லிமீட்டர், எனவே ஒரே புள்ளி ஏ4 தாளில் 75 மில்லிமீட்டருக்கு ஒரு தடவை விழுந்தால் குறை டிரம்மில்தான். பிரிண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

போலி என்று தெரிந்தால் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெட்டி, பில், கார்ட்ரிட்ஜ், கெட்டுப்போன தாள் எல்லாவற்றையும் எடுத்து வைத்து கம்பெனிக்கு எழுதுங்கள், பிராண்டுக்காரர்களிடம் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. பொடி கொட்டியிருந்தால் வெந்நீர் கூடாது, உருகிப் பிடித்துக்கொள்ளும். வீட்டு வேக்யூம் கிளீனரும் கூடாது, மெல்லிய பொடி மறுபக்கம் வழியாக அறை முழுக்கப் பறக்கும். காய்ந்த துணியும் தண்ணீரும் போதும்.

காலியானதை கம்பெனியின் மறுசுழற்சித் திட்டத்துக்கே கொடுங்கள். கேனன் 1990-லிருந்தும் எச்பி 1991-லிருந்தும் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. வேறு யாருக்காவது கொடுப்பதானால் பெட்டியைக் கிழித்து, ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டுக் கொடுங்கள். ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள்: ஒரிஜினல் ஸ்டிக்கரையும் போலி ஸ்டிக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிய படமாக ஒரு நாள் போடுங்கள், ஸ்டோர்ஸில் வேலை செய்கிறவர்கள் வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள்.

அந்தப் பள்ளியில் பிரிண்டரைச் சுத்தம் செய்து நல்ல கார்ட்ரிட்ஜ் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஏற்கனவே சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்ட பிள்ளைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு அந்த அம்மா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்துகொண்டிருந்தார்.

இப்படிக்கு,
பிரிண்டர் பழுது பார்க்கும் ஒரு வாசகர்